பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் எதைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்?

கேள்வி (புதுவரவு):
பிரசவமாகி மூன்றாம் நாள் வீட்டுக்கு வரும் தாயையும் குழந்தையையும் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. டிஸ்சார்ஜ் தாளில் "காய்ச்சல், ரத்தப்போக்கு இருந்தால் வரவும்" என்று ஒரே வரி. எவ்வளவு ரத்தம் போனால் அதிகம்? குழந்தையின் மூச்சு சில நேரம் வேகமாகவும் சில நேரம் விட்டுவிட்டும் வருகிறதே, சரிதானா? மஞ்சள் எதுவரை இருக்கலாம்?

பதில் (லேபர்வார்டு):
தாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உதிரப்போக்கு முதல் சில நாள் சிவப்பாக இருந்து, பழுப்பாகி, வெளிறிக் குறைந்துகொண்டே வர வேண்டும். பெரிய பேடு ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தாலோ, கோழிமுட்டையைவிடப் பெரிய கட்டி விழுந்தாலோ கிளம்புங்கள். முகம் வெளிறி, வியர்த்து, எழுந்தால் தலைசுற்றுகிறது என்றால் பேடு எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். குறைந்த போக்கு மறுபடி கூடினாலும், நாற்றமடித்தாலும் உள்ளே நஞ்சுக்கொடித் துணுக்கு தங்கியிருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். நிறைந்த மூத்திரப்பை கருப்பையைச் சுருங்கவிடாது. அதனால் சிறுநீரை அடக்க விடாதீர்கள்.

பலர் கோட்டை விடுவது தலைவலியில். "தூக்கமில்லை, அதான்" என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். பிரசவத்துக்குப் பிறகு 3 முதல் 6 நாளுக்குள்தான் ரத்த அழுத்தம் பெரும்பாலும் உச்சத்துக்குப் போகும். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவருக்கும் வரலாம். விடாத தலைவலி, கண்முன் மின்னல் அல்லது மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென முகம் வீங்குவது: இதில் ஒன்று இருந்தாலும் பிரஷர் பாருங்கள். 140/90 என்றால் அன்றே டாக்டர். 160/110 என்றால் அந்த நிமிடமே. அடுத்தது வலிப்பாக இருக்கலாம்.

பதில் (தொட்டில்):
குழந்தைக்கு வருகிறேன். மூச்சு விட்டுவிட்டு வருவது, இடைவெளி பத்து விநாடிக்குள் இருந்து நிறமும் மாறாவிட்டால், பச்சிளம் குழந்தைக்கு இயல்பே. அதனால்தான் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. சட்டையை விலக்கி, வயிறு எழுந்து தாழ்வதை முழு 60 விநாடி எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே என்றால் ஆஸ்பத்திரி. மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்வாங்கினால், முனகினால், உதடும் நாக்கும் நீலமானால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

மஞ்சளை வெயில் வெளிச்சம் படும் ஜன்னலோரம் பாருங்கள். மூக்கு நுனியையும் நெஞ்சையும் விரலால் அழுத்தி எடுத்தால் அடியில் உள்ள நிறம் தெரியும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்த மஞ்சளும், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கிய மஞ்சளும் ஆபத்து. வெயிலில் காட்டுவது வைத்தியம் ஆகாது. மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் ஈரல், பித்தநாளக் கோளாறு என்று சந்தேகித்து உடனே காட்டுங்கள். பச்சை நிற வாந்தி குடலடைப்பாக இருக்கலாம்; அது அவசரம்.

கேள்வி (புதுவரவு):
அழும்போது மூச்சை எண்ணலாமா? காய்ச்சல் எத்தனை டிகிரி?

பதில் (தொட்டில்):
அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பும். அக்குளில் 37.5 செல்சியஸுக்கு மேல் போனால் காய்ச்சல். முதல் மாதத்தில் நீங்களாகக் காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து கொடுக்காதீர்கள், நேரே காட்டுங்கள். சூடு குறைவதும் அதே அளவு மோசம்: 36.5க்குக் கீழே என்றால் தாயின் மார்பில் தோலோடு தோல் ஒட்ட வைத்துத் தொப்பி போட்டுப் போர்த்துங்கள். ஏறவில்லை, அல்லது 35.5க்குக் கீழே என்றால் அணைத்தபடியே கிளம்புங்கள். தொற்று வந்த பச்சிளம் குழந்தை பல சமயம் கொதிக்காது, சில்லிட்டுப் போகும். "சமத்தாகத் தூங்குகிறது, பாலுக்குக்கூட அழவில்லை" என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். எழுப்பியும் குடிக்கவில்லையா, ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு துணியாவது நனையவில்லையா, காட்டிவிடுங்கள்.

கை கால் உதறுவதைக் கண்டால் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் வெறும் நடுக்கம். பிடித்த பிறகும் துடித்தால் வலிப்பு. நடுக்கமே அடிக்கடி வந்தாலும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் (லேபர்வார்டு):
விட்டுப்போனது ஒன்று: தாய்க்கு 38 டிகிரியிலிருந்து காய்ச்சல். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், தேய்த்துவிடாதீர்கள். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஆம்புலன்ஸ்தான்.