அக்காள் மகன் மீது குண்டர் சட்டம்: அறிவுரைக் கழகத்தின் முன் என்ன சொல்ல வேண்டும்?

வாசல்திண்ணை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகனுக்கு 24 வயது. ஆறு வாரங்களுக்கு முன்பு ஒருவரைக் கத்தியைக் காட்டி மிரட்டி 1,200 ரூபாய் பறித்ததாக வழக்குப் பதிந்து, அவனை ரிமாண்ட் செய்தார்கள். அவன் மீது ஏற்கெனவே இரண்டு அடிதடி வழக்குகள் நிலுவையில் உள்ளன. அதை நான் மறைக்கவில்லை. ஜாமீன் மனு போடுவது பற்றி வக்கீலிடம் பேசிக்கொண்டிருந்தபோதே, ரிமாண்டான 17-ஆம் நாள், சிறைக்குள் வைத்தே குண்டர் சட்ட உத்தரவைக் கொடுத்து அவனிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதற்குப் பின் நான்கு நாள் கழித்து 200 பக்கங்களுக்கு மேற்பட்ட புத்தகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் மனு போட்டுப் பார்க்கப் போனபோது அதை என்னிடம் சேர்ப்பித்தான்.

அடுத்த வாரம் அறிவுரைக் கழகத்தின் முன் (உத்தரவுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் குழுவாம்) அவனை நிறுத்தப் போகிறார்களாம். அங்கே வக்கீல் பேச முடியுமா? கத்தி எடுக்கவில்லை என்று அவன் சொல்வதை அங்கே எடுத்துரைப்பதா? "ஒரு வருஷம் வெளியே வர முடியாது, ஆனால் தலைமைச் செயலகத்தில் ஆள் இருக்கிறார்" என்று ஒருவர் பணம் கேட்கிறார். அக்காள் தாலிக்கொடியைக் கழற்றி வைத்திருக்கிறாள். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கறுப்பு அங்கி:

அம்மா, முதலில் அந்தத் தாலிக்கொடியை அக்காளின் கழுத்தில் போட்டுவிடுங்கள். பணம் கேட்டவரிடம் மறுபடியும் பேசாதீர்கள்.

தமிழ்நாடு 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டத்தைத்தான் நாம் குண்டர் சட்டம் என்கிறோம். கள்ளச்சாராயத்தையும் ரவுடித்தனத்தையும் மனத்தில் வைத்து இயற்றிய சட்டத்தின் தலைப்பில் 2004-இல் திருட்டு வீடியோவும், 2014-இல் இணையவழிக் குற்றமும் பாலியல் குற்றமும் ஏறி, இன்று அந்தத் தலைப்பை ஒரே மூச்சில் வாசிக்க முடியாத நிலை. இது தண்டனைச் சட்டமன்று. நடந்த குற்றத்துக்காக அல்லாமல், இனி நடக்கக்கூடும் என்று மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ கருதுவதற்காக, விசாரணையே இல்லாமல் அதிகபட்சம் 12 மாதம் உள்ளே வைக்கும் தடுப்புக்காவல் சட்டம். ஆகவே உங்கள் மகன் கத்தி எடுத்தானா இல்லையா என்பது அவனுடைய வழக்கில் தீர வேண்டிய கேள்வி. குண்டர் உத்தரவு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் காகிதத்தையும் தேதியையும் பொறுத்தது.

அந்தத் தேதிகளை இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள். காவலில் வைத்த நாளிலிருந்து 5 நாளுக்குள் காரணங்களைத் தர வேண்டும். அந்தக் காரணங்களும் ஆவணங்களும் அடங்கியதுதான் உங்களிடமுள்ள புத்தகம். நான்காம் நாள் அதைத் தந்திருப்பதால் அதில் பிழையில்லை. உத்தரவை அரசு 12 நாளுக்குள் அங்கீகரிக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் கோப்பு அறிவுரைக் கழகத்துக்குச் செல்ல வேண்டும். கழகம் ஏழு வாரத்துக்குள் தன் கருத்தைச் சொல்ல வேண்டும்.

கழகத்தின் முன் வக்கீல் வாதாடச் சட்டத்தில் இடமில்லை. ஏ. கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் வக்கீல் அல்லாத ஒருவரின் துணையைக் கைதி கேட்கலாம் என்றும், அரசுத் தரப்பில் வக்கீல் நின்றால் கைதிக்கும் அந்த உரிமை உண்டு என்றும் சொன்னது. வக்கீல் எழுதிக்கொடுத்த மனுவை அவன் கையில் கொடுத்தனுப்ப எந்தத் தடையும் இல்லை.

இதனுடன், உள்துறைச் செயலாளருக்கு இன்றே பதிவுத் தபாலில் முறையீடு அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அரசியல் சாசனத்தின் 22(5) பிரிவின்படி அதை அரசு தாமதமின்றிப் பரிசீலிக்க வேண்டும். 1999-இல் அறிக்கையிடப்பட்ட ராஜம்மாள் வழக்கில், அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்ததால் கோப்பு ஐந்து நாள் காத்திருந்தது என்ற விளக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்காமல் உத்தரவையே ரத்து செய்தது. கழகத்தின் முடிவுக்குக் காத்திராமல், உங்கள் மாவட்டத்தைப் பொறுத்துச் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ அவன் தாயார் பெயரில் ஆட்கொணர்வு மனு (சட்டவிரோதக் காவலிலிருந்து விடுவிக்கக் கோரும் மனு) தாக்கல் செய்யலாம். ரத்தானாலும் உடனே வீட்டுக்கு வந்துவிட முடியாது. மூல வழக்கில் ஜாமீன் தனியாக வாங்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ரைட்டர்:

நான் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து இத்தகைய புத்தகங்களைத் தயாரித்தவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வட்டிக்கடைக்காரரையும் காய்கறி வண்டிக்காரரையும் மாதாமாதம் மிரட்டி வாங்கித் தின்ற ஒருவனை நாங்கள் நான்கு முறை ரிமாண்ட் செய்தோம். ஒவ்வொரு முறையும் மூன்று வாரத்தில் வெளியே வந்து, சாட்சி சொன்னவர் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருப்பான். சாட்சி தாமாகவே பிறழ்ந்துவிடுவார். குண்டாஸ் போட்ட பிறகுதான் அந்தத் தெரு ஓராண்டு மூச்சு விட்டது. இதைப் பார்க்காதவர்கள் இந்தச் சட்டமே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் புத்தகம் எப்படித் தயாரானது என்பதையும் மறைக்க மாட்டேன். முந்தைய வழக்குகளை 'அட்வர்ஸ் கேஸ்' என்றும், கடைசி வழக்கை 'கிரவுண்ட் கேஸ்' என்றும் சொல்வோம். பழைய புத்தகம் ஒன்றை எடுத்துப் பெயரையும் தேதியையும் இடத்தையும் மாற்றுவோம். "பொதுமக்கள் அச்சத்தில் சிதறி ஓடினர், கடைக்காரர்கள் கதவடைத்தனர்" என்ற வரி மட்டும் மாறாது. பகல் பதினொரு மணிக்கு நடந்ததானாலும், இரவு பதினொரு மணிக்கு நடந்ததானாலும் கடைகள் அடைக்கப்பட்டே தீரும். ஐந்தாறு செட் ஜெராக்ஸ் எடுக்கும்போது, ஏற்கெனவே மங்கிய காயச் சான்றிதழின் நகலுக்கு நகல் எடுத்து, கடைசி செட்டில் வெறும் சாம்பல் நிறக் கறை மிஞ்சும். கைதிக்குப் போவது பெரும்பாலும் அந்தச் செட்தான். அம்மா, ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள்.

கறுப்பு அங்கி:

ரைட்டர் ஐயா சொன்ன கடையடைப்பு வரி வெறும் அலங்காரமன்று. உத்தரவின் அடித்தளமே அதுதான். 1966-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று வட்டங்களைக் காட்டியது: சட்டம் ஒழுங்கு பெரிய வட்டம், அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே அரசின் பாதுகாப்பு. ஒருவரிடம் பணம் பறிப்பது பெரிய வட்டத்தோடு நின்றுவிடுகிறது. தெருவே நிலைகுலைந்தது என்று காட்டினால்தான் தடுப்புக்காவல் செல்லும். தெலங்கானாவில் சங்கிலிப் பறிப்புக்காக இதே போன்ற சட்டத்தில் அடைக்கப்பட்டவரின் வழக்கில், 2024 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்ததோடு, அறிவுரைக் கழகங்கள் ரப்பர் ஸ்டாம்பு போல நடந்துகொள்ளக் கூடாது என்றும் எழுதியது.

தம்பிக்காக:

என் தம்பியுடன் அறிவுரைக் கழகத்துக்குச் சென்றவன் என்ற முறையில் இரண்டு சொற்கள். பெரிய நீதிமன்ற மண்டபத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு அறை, மேசைக்கு அந்தப்பக்கம் மூவர், வெளியே பெஞ்சில் விலங்கோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பையன்கள். எங்கள் முறை ஐந்து நிமிடம் கூட நீடிக்கவில்லை. தம்பி அழுதுகொண்டே தங்கைக்குக் கல்யாணம் என்று மட்டும் சொன்னான். எழுதிவைத்திருந்த மனுவைக் கொடுக்கவே மறந்துவிட்டான். கழகம் உத்தரவை உறுதிசெய்தது. ஐந்தாம் மாதம் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, ஆனால் அதற்குள் அவன் வேலையும் போய், கல்யாணமும் முடிந்துவிட்டது. இப்படி ரத்தாகும் உத்தரவைப் போட்டவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை; அடுத்த புத்தகம் அதே கோப்பிலிருந்து தயாராகிறது என்பதுதான் என் ஆற்றாமை. உங்கள் மகனிடம் மனுவை முதலில் நீட்டச் சொல்லுங்கள், பேச்சு பிறகு.

வாசல்திண்ணை:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு அக்காளும் நானும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். 142-ஆம் பக்கத்தில் வேறு யாரோ ஒருவருக்கு ஜாமீன் கிடைத்த நீதிமன்ற உத்தரவு இருக்கிறது, ஆங்கிலத்தில் மட்டும். மற்ற ஆவணங்களுக்கெல்லாம் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்க, இதற்கு இல்லை. பையன் எட்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். சம்பந்தமில்லாதவரின் ஜாமீன் உத்தரவை ஏன் இதில் சேர்த்தார்கள் என்பதும் புரியவில்லை.

கறுப்பு அங்கி:

மிக முக்கியமான பக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஏற்கெனவே சிறையில் இருப்பவனைத் தடுப்புக்காவலில் வைக்க வேண்டுமானால், அவன் ஜாமீனில் வெளிவரும் வாய்ப்பு உண்மையில் இருந்தது என்று காட்ட வேண்டும். காலாவதியான மருந்து விற்றதாகக் கைதானவரின் மனைவி ரேகா தொடுத்த வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தமிழக அரசுக்கே சொன்னது. நீங்கள் ஜாமீன் மனு இன்னும் போடவில்லை. ஆகவே 'இதேபோன்ற வழக்கில் இன்னொருவருக்கு ஜாமீன் கிடைத்திருக்கிறது' என்று காட்டுவதற்காக அந்த உத்தரவைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வழக்கும் உங்கள் வழக்கும் ஒரே தன்மையுடையனவா என்பதை வக்கீலிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

புத்தகத்தில் பேனாவால் எதையும் குறிக்காதீர்கள். அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுங்கள். இன்று அனுப்பும் முறையீட்டில், 142-ஆம் பக்கத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைத் தரும்படி பக்க எண்ணோடு கேளுங்கள். அதே மனுவின் இன்னொரு பிரதியைச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தபால் நிலையம் மூடுவதற்குள் கிளம்புங்கள் அம்மா.