கார்டினியா இலை மஞ்சளாகிறது, மொட்டு உதிர்கிறது. அவசரம்!

கடலோரக்_கனி: வணக்கம். தை மாதம் ஏற்காடு போனபோது அடுக்குக் கார்டினியா (கேப் ஜாஸ்மின் என்கிற வாசமான வெள்ளைப் பூச்செடி) ஒன்று வாங்கி வந்தேன். எங்கள் பக்கம் யார் வீட்டிலும் கிடையாது. ஒரு மாதம் நன்றாக இருந்தது. இப்போது இலை மஞ்சள். மொட்டு பட்டாணி அளவு வந்ததும் விழுந்துவிடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? நாளை ராமநாதபுரம் போகிறேன், வாங்கிவிடுவேன்.

மாடித்தோட்டம்_மதுரை: எந்த ஊர்? தொட்டியா, தரையா? என்ன தண்ணீர்? மஞ்சளாவது கொழுந்தா, அடி இலையா?

ரோஜா_ரசிகை: எப்சம் உப்பு ஒரு ஸ்பூன் போடுங்க. என் ரோஜாவுக்குக் கேட்டது.

வேரடி: விவரம் வருவதற்குள் வைத்தியம்! எப்சம் உப்பு மக்னீசியக் குறைவுக்கு. அது அடி இலையில்தான் முதலில் தெரியும். தவிர, மலையில் வாங்கிய செடியைக் கடற்கரையில் வைக்கும் முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். இதே கேள்விக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை.

தீவுக்காரன்: அண்ணே, பயமுறுத்தாதீங்க. மதுரை மல்லிக்கே நாற்று எங்கள் தங்கச்சிமடத்து மணலிலிருந்துதான் போகிறது. இதுவும் ஒரு மல்லிகைதானே?

வேரடி: ஜாஸ்மின் என்ற பெயரில்தான் மல்லிகைச் சாயல். கார்டினியா காப்பிக் குடும்பம் தம்பி. இட்லிப்பூதான் இதற்குச் சொந்தம். வீட்டில் இட்லிப்பூ இருந்தால் அதன் கொழுந்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடலோரக்_கனி: மண்டபம் பக்கம். தரையில், கடல் மணலும் சாணி உரமும் கலந்து வைத்தேன். போர் தண்ணீர். கொழுந்துதான் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இட்லிப்பூவும் அப்படியேதான் இருக்கிறது! அது வெயிலால் என்று நினைத்தேன்.

மாடித்தோட்டம்_மதுரை: அப்படியானால் இரும்புக் குறைவு. உங்கள் மணலில் கிளிஞ்சல் தூளும் பவளத் தூளும் இருக்கும், எல்லாம் சுண்ணாம்பு. இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றுங்கள். பொங்கினால் சந்தேகமே வேண்டாம். செடியைத் தொட்டிக்கு மாற்றுங்கள்: செம்மண், இலை மட்கு, நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவு. கழுவாவிட்டால் அதிலும் உப்பு. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளிக்கலாம். கடையில் இரும்பு இடிடிஏ (EDTA) என்ற உரத்தைத் தருவார்கள். தரையில் இருக்கிற இட்லிப்பூவுக்கு அது உதவாது, சுண்ணாம்பு மண்ணில் நிற்காது. அதற்கு இரும்பு இடிடிஎச்ஏ (EDDHA) என்று கேட்டு வாங்குங்கள். மொட்டு உதிர்வதற்கு உப்புத் தண்ணீரும் கடல் காற்றும் காரணமாக இருக்கலாம். மழைத்தண்ணீர் பிடித்து வைக்க வசதி உண்டா?

ரோஜா_ரசிகை: இவ்வளவு பாடு எதற்கு? மனோரஞ்சிதம் வையுங்க. எந்தப் பழத்தை நினைத்து முகர்ந்தாலும் அந்த வாசம் வரும் என்பார்கள்.

தீவுக்காரன்: பாம்பு வருமே!

வேரடி: பூ வாசத்துக்குப் பாம்பு வராது. அடர்ந்த புதரில் எலி, தவளை இருக்கும், அதற்குத்தான் வரும். படித்தவர்களே இப்படிப் பேசினால் எப்படி?

தீவுக்காரன்: எங்கள் அப்பத்தா கண்ணால் பார்த்திருக்கிறார்.

ரோஜா_ரசிகை: எந்தப் பாம்பு? சாரையாக இருக்கும்.

கடலோரக்_கனி: வினிகர் ஊற்றினேன். சோடா மாதிரி பொங்குகிறது. தொட்டி வாங்கியாச்சு. நன்றி.

மாடித்தோட்டம்_மதுரை: நல்லது. தண்ணீருக்கு என்ன செய்தீர்கள்? தொட்டியிலும் அதே போர் தண்ணீர்தானா?

மாடித்தோட்டம்_மதுரை: கனி, இருக்கிறீர்களா?

தீவுக்காரன்: அப்பத்தாவிடம் கேட்டுவிட்டேன். நல்ல பாம்புதானாம்.