தனுஷ்கோடி ஸ்டேஷன்: இடிஞ்சபடி கட்டுறதா, இருந்தபடி கட்டுறதா?

தங்கச்சிமடத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். மாடி ரூம்ல மாடல் ரயில் லேஅவுட்டுக்கு ஆறடிக்கு ரெண்டரையடி பிளைவுட் போட்டு ரெடியா இருக்கு. அளவு 1:87, அதாவது அசல்ல எண்பத்தேழுல ஒரு பங்கு. முதல்ல பாம்பன் பழைய பாலம் கட்டத்தான் ஆசை. கணக்குப் போட்டா 2,065 மீட்டர் பாலம் இந்த அளவுல 23.7 மீட்டர் வருது. பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டாய் வரைக்கும் போயிடும். அதனால தனுஷ்கோடி ஸ்டேஷன்னு முடிவு பண்ணிட்டேன். கடை கிட் எதுவும் இல்லை. அட்டை, தெர்மாகோல், சன்போர்டு, ஈர்க்கு, ஃபெவிகால், அவ்வளவுதான். இன்னைக்கு நிக்கிற மொட்டைச் சுவரைக் கட்டவா, 1964 டிசம்பர் புயலுக்கு முன்னாடி கப்பலுக்குப் போறவங்களை ஏத்திட்டு போட் மெயில் ரயில் வந்து நின்ன ஸ்டேஷனைக் கட்டவா? எனக்கு முழுசாக் கட்டணும்னுதான் தோணுது.

மில்லிமீட்டர்:
தம்பி, இடிந்ததையே கட்டுங்கள். இருப்பதை டேப் பிடித்து அளக்கலாம். இல்லாததை எதை வைத்து அளப்பீர்கள்? கூரைச் சரிவு எவ்வளவு, ஜன்னலுக்குக் கம்பியா பலகையா, டிக்கெட் கொடுக்கும் பொந்து எந்தச் சுவரில் இருந்தது? கையில் வரைபடம் இல்லாமல் கட்டினால் அது தனுஷ்கோடி அல்ல, தனுஷ்கோடி என்று போர்டு மாட்டிய ஏதோ ஒரு ஸ்டேஷன்.

மீட்டர்கேஜ் மச்சான்:
சார், இடிஞ்ச சுவருக்கு ரயில் எங்கேருந்து வரும்? ரயில் ஓடாத லேஅவுட்டுக்குப் பேரு கொலு. நவராத்திரிக்குச் சுண்டல் கொடுத்து அனுப்பலாம்.

மில்லிமீட்டர்:
கொலுவைக் கிண்டல் செய்ய வேண்டாம். பலர் பொம்மைக்குக் கொடுக்கும் கவனத்தை நீங்கள் தண்டவாளத்துக்குக் கொடுப்பதில்லை. போன மாதம் நீங்கள் போட்ட படத்தில் இருப்பது 16.5 மி.மீ. அகலத் தண்டவாளம். 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,435 மி.மீ. இந்தக் கரையில் ஒருநாளும் ஓடாத அகலம். பாம்பனைத் தாண்டி முதலில் ஓடியது 1,000 மி.மீ. அகல மீட்டர்கேஜ், 2007-இலிருந்து 1,676 மி.மீ. பிராட்கேஜ். தனுஷ்கோடிக்கு பிராட்கேஜ் போகவே இல்லை. 1:87-ல் மீட்டர்கேஜ் என்றால் 11.5 வரும், 12 மி.மீ. தண்டவாளம் போட வேண்டும்.

மீட்டர்கேஜ் மச்சான்:
பேரை மாத்திக்கிறேன் சார், விட்டுடுங்க 😄
ஆனா தம்பிக்கு ஒரு யோசனை. பாம்பன் பாலத்துல கப்பல் போக ரெண்டு கதவு மாதிரி மேல தூக்குற நடுத் தூக்கை மட்டும் கட்டு. சுமார் 200 அடி, உன் அளவுல எழுபது சென்டிமீட்டர் பக்கம். பலகையில உக்காரும். ரயிலும் ஓடும், பாலமும் தூக்கும். வர்றவன் வாயைப் பொளந்து பார்ப்பான்.

தங்கச்சிமடத்தான்:
அண்ணே, பழைய அட்டையில அதை முயற்சி பண்ணிட்டேன். ரெண்டு கதவையும் அடியில ஆணி குத்தி கீல் மாதிரி வச்சேன். தூக்கினா வால் பக்கம் கீழ இறங்கி அடுத்த கர்டரை இடிக்குது.

மில்லிமீட்டர்:
இடிக்கத்தான் செய்யும். பாம்பனில் இருப்பது ஷெர்சர் என்ற வகைத் தூக்கு, அது கீலில் திரும்புவதில்லை, உருளுகிறது. கதவின் அடிப்பகுதி வட்டத்தில் ஒரு துண்டு போல வளைந்திருக்கும். தூக்கும்போது அந்த வளைவு பின்னால் உருண்டு போகும், கதவும் மேலே போய்க்கொண்டே பின்வாங்கும். ஆணியை எடுத்துவிட்டு வளைவிலும் அது உருளும் தளத்திலும் பல் வெட்டுங்கள். 1914-இல் திறந்த பாலம், 415 டன் கதவு ஒவ்வொன்றையும் ஆட்கள் கையால் சுற்றியே தூக்கினார்கள். உங்கள் அட்டைக்கு ஒரு விரல் போதும். இது தனி வேலை, இங்கே கலக்க வேண்டாம்.

கீழக்கரை காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும். ஸ்டேஷனுக்கே வருவோம். தம்பி, சுவரு எதுல பண்ணப் போறீங்க?

தங்கச்சிமடத்தான்:
காக்கா, அங்க சுவரெல்லாம் பவளக்கல்லுதானே. கரையில ஒதுங்கிக் கிடக்கிற துண்டு நாலு எடுத்து வந்து சின்னதா ஒடச்சு ஒட்டினா அசல் மாதிரியே இருக்கும்னு நெனச்சேன். மணலும் அரிச்சல்முனையிலேருந்து ரெண்டு பை.

கீழக்கரை காக்கா:
ரெண்டும் வேணாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது. செத்தது, ஒதுங்கினதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, வனத்துறை புடிச்சா பிளைவுட்டோட போக வேண்டியதுதான். சட்டத்தை விடுங்க, அசல் பவளத்தோட துளை உங்க அளவுல எம்புட்டு வரும்? ரெண்டு மில்லிமீட்டர் துளைன்னா சுவத்துல பதினேழு சென்டிமீட்டர் ஓட்டை. ஆட்டுக்குட்டி தலையை விடலாம்.

மணலும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர் மணி உங்க பலகையில நாலு சென்டிமீட்டர் ஜல்லி. கல்லுல அரைச்ச கோலமாவை நைலான் துணியில சலிச்சு எடுங்க. ஃபெவிகால்ல தண்ணி கலந்து தடவி, மேல மாவைத் தூவி, காஞ்சதும் ஊதி விடுங்க. அரிசிமாவுல பண்ணினா எறும்பு வரும். கடல் மணல்ல உப்பு இருக்கு, ஈரத்தை இழுத்து சக்கரத்தைத் துரு ஏத்தும். அதுல இருக்கிற கறுப்பு மணியில காந்தம் ஒட்டுற சரக்கும் உண்டு, நேரா மோட்டாருக்குள்ள போய் உக்காந்துக்கும். சொந்த அனுபவம். ஒரு எஞ்சினு மையத்தாயிடுச்சு.

மீட்டர்கேஜ் மச்சான்:
காக்கா சொன்னா சரிதான். சுவருக்குத் தெர்மாகோல் போதும். வெட்டின இடத்துல தெரியிற மணி மணியே பவளக்கல் மாதிரிதான் இருக்கும்.

கீழக்கரை காக்கா:
மணி மூணு நாலு மில்லிமீட்டர்னா நெசத்துல ஒரு அடி வருது. கல்லு அளவுக்குச் சரி, கல்லு மேல இருக்கிற துளைக்குச் சரியில்லை. அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி அழுத்துங்க, பழைய பல்லு பிரஷ்ஷால குத்துங்க. ஸ்பிரே பெயிண்ட் பக்கமே போகாதீங்க, தெர்மாகோல் உருகிடும். முதல்ல ஃபெவிகால் பூச்சு, அப்பறம் அக்ரிலிக். அட்டைக்கு ரெண்டு பக்கமும் வார்னிஷ். நம்ம உப்புக் காத்துக்கு ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அப்பளமா வளைஞ்சுடும்.

இப்ப முக்கியமான சங்கதி. பவளக்கல்லு எப்பவும் வெளிய தெரியுற கல்லு இல்லை. எங்க பக்கம் பழைய சுவத்தப் பாருங்க, மேல சுண்ணாம்புக் காரை இருக்கும். காரை உதிர்ந்ததுக்கு அப்பறம்தான் கல்லு தெரியும். அதனால முழு ஸ்டேஷன் கட்டினா பவளமே தெரியக் கூடாது, வெள்ளைச் சுவருதான்.

ஓலைப்பெட்டி:
காக்கா சொன்னதுதான் நான் சொல்ல வந்தது. எங்க அப்பத்தா தனுஷ்கோடியில வாழ்ந்தவங்க, இப்ப ராமேஸ்வரத்துல எங்ககூட இருக்காங்க. 2017-ல ரோடு போட்டதும் அவங்களைக் கார்ல கூட்டிட்டுப் போனோம். சர்ச் சுவரு முன்னால ஒரு கூட்டமே செல்ஃபி எடுத்துக்கிட்டு நின்னுச்சு. அப்பத்தா பார்த்துட்டு, "இது ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு, வெள்ளையால்ல இருந்துச்சு"ன்னாங்க. தம்பி, முழுசாவே கட்டு. இடிஞ்சதைப் பார்க்கணும்னா எல்லார் போன்லயும் இருக்கு.

மில்லிமீட்டர்:
அம்மா, உங்கள் அப்பத்தா மீது மரியாதை உண்டு. ஆனால் நினைவில் இருந்து சுவரின் உயரம் எடுக்க முடியாது. அறுபது வருடம் கழித்து எல்லாச் சுவரும் பெரிதாகத்தான் தெரியும்.

ஓலைப்பெட்டி:
உயரம் கேட்கலையே சார். நிறம் சொன்னாங்க, காக்கா காரை பத்திச் சொன்னதோட பொருந்துதா இல்லையா?

மில்லிமீட்டர்:
பொருந்துகிறது. நிறத்தை ஒப்புக்கொள்கிறேன். நிறம் மட்டும்.

மீட்டர்கேஜ் மச்சான்:
முழுசாக் கட்டினா ஆறு பெட்டி கோத்து, அந்தப் புயல்ல அடிச்சுட்டுப் போன 653 பாசஞ்சர் ரயிலை நிறுத்து தம்பி. பின்னால அலை வர்ற மாதிரி ரெசின் ஊத்தினா பார்க்கிறவங்களுக்குப் புல்லரிக்கும்.

ஓலைப்பெட்டி:
வேணாம். அதுல போனவங்க யாரும் திரும்பி வரலை. எங்க தெருவுலயே அந்த ராத்திரியைப் பத்திப் பேசினா எழுந்து போயிடுறவங்க இருக்காங்க. புல்லரிக்க வைக்க வேற ரயில் பாருங்க.

மீட்டர்கேஜ் மச்சான்:
தப்புதான் அக்கா. யோசிக்காம எழுதிட்டேன்.

தங்கச்சிமடத்தான்:
அக்கா, அது என் பலகையில வராது. பகல் நேரம், போட் மெயில் வந்து நிக்குது, ஜனங்க இலங்கைக்குப் போற தலைமன்னார் கப்பலுக்கு மூட்டையைத் தூக்கிட்டுப் போறாங்க. அதுதான் மனசுல இருக்கு.
பாதி இடிஞ்சது, பாதி முழுசுன்னு கட்டினா என்ன? இடது பக்கம் இன்னைக்கு, வலது பக்கம் அன்னைக்கு?

மில்லிமீட்டர்:
கூடவே கூடாது. கல்யாண மண்டப வாசலில் வைக்கும் கட்அவுட் போல இருக்கும்.

ஓலைப்பெட்டி:
இதுல சார் பக்கம்தான் நானும்.

கீழக்கரை காக்கா:
சண்டைக்காரங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்துட்டாங்க, தம்பிக்கு இனி கஷ்டகாலம் 😄
நான் ஒண்ணு சொல்றேன். கொத்தனாரு கட்டின வரிசையிலயே நீங்களும் கட்டுங்க. முதல்ல தெர்மாகோல்ல கல்லு வரி கீறி, சாயம் அடிச்சு, தெர்மாகோலை உருக்காத தண்ணி வார்னிஷ் போட்டுக் காய விடுங்க. அதுக்கு மேல அதே கல்லுக் கோலமாவும் ஃபெவிகாலும் குழைச்சு மெல்லிசாக் காரை பூசுங்க. வார்னிஷ் மேல இருக்கிறதால நகத்தால கீறினா உரிஞ்சு வரும். முழுசாவே வச்சுக்கிட்டா வெள்ளைச் சுவரு. பத்து வருஷம் கழிச்சு மனசு மாறினா உரிச்சுக்கலாம்.

தங்கச்சிமடத்தான்:
காக்கா, ராத்திரி ஒரு சாண் சுவரு பூசிப் பார்த்தேன். அசத்தல். ஓரத்துல கொஞ்சம் உதிர்ந்து கல்லு எட்டிப் பார்க்குது, அதுவே அழகா இருக்கு. முழுசுதான், முடிவு பண்ணிட்டேன். மில்லிமீட்டர் சார் கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை டேப்போட போய் நிக்கிற சுவரு, வாசல், ஜன்னல் எல்லாம் அளந்துட்டு வர்றேன். அளந்தது வரைக்கும் உங்க பேச்சு.

மில்லிமீட்டர்:
கோபம் இல்லை. சுவரின் கனத்தை நான்கு இடத்தில் அளக்கவும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஒவ்வொரு படத்திலும் ஸ்கேல் வைத்து எடுக்கவும். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. சுவருக்கு மேலே என்ன வைப்பீர்கள்? ஓடா, தகரமா, மட்டக்கூரையா? அதற்கு அங்கே ஒரு தடயமும் நீங்கள் எடுக்கப் போவதில்லை.

ஓலைப்பெட்டி:
இப்பதான் அப்பத்தாகிட்ட கேட்டேன். ஓடு, தகரம்னு சொல்லத் தெரியலை. "மழை பெஞ்சா ஸ்டேஷன்ல ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது"ன்னாங்க.

மீட்டர்கேஜ் மச்சான்:
தகரம்! முடிஞ்சுது!

மில்லிமீட்டர்:
முடியவில்லை. அவர்கள் நின்றது பிளாட்பாரத்திலா, டிக்கெட் வாங்கும் அறையிலா? பிளாட்பாரத்துக்குத் தகரம் போட்டுக் கட்டிடத்துக்கு ஓடு போட்டிருக்கலாம். கேட்டுச் சொல்லுங்கள்.

ஓலைப்பெட்டி:
தூங்கிட்டாங்க சார். காலையில கேக்குறேன்.