புதுப்பிப்பு: நான்கு வார ஆஸ்திரேலியப் பயணம், ஏற்பாடுகள் எதுவரை வந்தன

ஸ்டுட்கார்ட்டிலிருந்து கோடை விடுமுறையில் ஆஸ்திரேலியா போகிறோம், எதில் தொடங்குவது என்று பிப்ரவரியில் கேட்டிருந்தேன். நால்வருக்கும் ஜெர்மன் குடியுரிமை. பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைப் பார்க்கச் சொன்னீர்கள். நல்லவேளை பார்த்தேன், சின்னவளுடையது காலாவதியாகியிருந்தது. சிறுவர்களுக்கான பழைய பாஸ்போர்ட்டை 2024 ஜனவரி முதல் ஜெர்மனியில் தருவதில்லை. வழக்கமான பாஸ்போர்ட்தான், 37.50 யூரோ. கைக்கு வர ஆறு வாரம் ஆனது. அதுவரை எனக்குத் தூக்கமே இல்லை.

விசா சுலபம். ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு 'இவிசிட்டர்' என்ற இணையவழி விசா இலவசம், ஒவ்வொரு தடவையும் மூன்று மாதம் வரை தங்கலாம். குழந்தைகளுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேடலில் முதலில் வரும் தளங்கள் இதற்கே பணம் கேட்கின்றன, தயவுசெய்து அரசுத் தளத்துக்கே போங்கள்.

அப்புறம் காப்பீடு. இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு ஆஸ்திரேலியாவில் செல்லாது. தனியாக எடுத்தோம். நோயாளியை ஜெர்மனிக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவும் அதில் உண்டா என்று வரிவரியாகப் படித்தேன். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கணவரிடம் பழைய காகித ஓட்டுநர் உரிமம் இருந்தது. அதை அட்டையாக மாற்றிய பிறகுதான் சர்வதேச உரிமம் தந்தார்கள்.

இனி மூட்டை கட்டுவதுதான். தொத்திறைச்சி எடுத்துப்போக மாட்டோம், மலையேறும் காலணிகளில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிட்டோம். அங்கே சோதனை கடுமை.

ஜூலையில் அங்கே குளிர்காலம் என்பதால், அப்போதும் வெப்பமாக இருக்கும் வடகோடி நகரான டார்வினில் தொடங்குகிறோம்.