அப்பாவின் கிராம சுரக்ஷா பாலிசி: 60 வயதில் பணம் வராதா?

கேள்வி: மூத்த மகள்

அப்பாவுக்கு இப்போது 57 வயது. 36 வயதில் எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் ஒரு லட்ச ரூபாய்க்குக் கிராம சுரக்ஷா என்ற ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுத்தார். மழையோ வெயிலோ, தவணை தவறியதில்லை. பாஸ்புத்தகத்தை உரப்பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருப்பார். “அறுபது முடிந்ததும் பணம் வரும், மாட்டுக்கொட்டகைக்கு ஓடு மாற்றலாம்” என்பது இருபது வருடப் பேச்சு. நேற்றுதான் பத்திரத்தைப் படித்தேன். தவணை 60 வயதோடு நிற்கிறது. பணமோ 80 வயதில், அதற்குமுன் இறந்தால் வாரிசுக்கு. நான் படித்தது சரிதானா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: கணக்குப்பிள்ளை

சரண்டர் செய்து, அதாவது பாலிசியை இடையிலேயே முடித்து, வரும் பணத்தை வங்கியில் போடுங்கள். எண்பது வயதில் ஓடு எதற்கு?

பதில்: ஓய்வுபெற்ற கிளை போஸ்ட்மாஸ்டர்

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள் அம்மா. கிராம சுரக்ஷா ஹோல் லைஃப், அதாவது முழு ஆயுள் பாலிசி. அதில் கட்டும் காலம் வேறு, காப்பு நிற்கும் காலம் வேறு. “அறுபது வரை கட்டினால் போதும்” என்பது காதில் “அறுபதில் கிடைக்கும்” என்று விழுந்துவிடும்.

21 வருடம் கட்டியவருக்குச் சரண்டர் கடைசி வழி. சேர்ந்த போனஸ் முழுதாகக் கைக்கு வராது. அண்மை ஆண்டுகளில் காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு வருடம் 60 ரூபாய் போனஸ். அப்பா கணக்கில் வருடத்துக்கு 6,000. போனஸுக்கு மேல் போனஸ் கிடையாது.

வேறு வழி உண்டு. 59 வயதுக்குள், தவணை முடிய ஓராண்டுக்கு மேல் இருந்தால், குறித்த வயதில் பணம் தரும் எண்டோமென்ட் பாலிசியாக மாற்றிக்கொள்ளலாம். தவணை ஏறும், போனஸும் 48 ரூபாய்க்கு இறங்கும். அதனால் இனி எவ்வளவு கட்டவேண்டும், கையில் எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். கொட்டகைக்கு மட்டும் பணம் என்றால் பாலிசி மீதே கடன் கேட்கலாம். நான்கு ஆண்டு ஓடியிருந்தால் போதும்.

நாமினி பெயரையும் பாருங்கள். பலர் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

மூத்த மகள்

பார்த்தேன் ஐயா. பாட்டியின் பெயர் இருக்கிறது. பாட்டி போய் ஒன்பது வருடம்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். “நான் எண்பது வரை இருக்கவேண்டும் என்று சர்க்காருக்கே ஆசையா?” என்று சிரித்தார். பிறகு பத்திரத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை இருவரும் அஞ்சலகம் போகிறோம்.