பொருள்: ரெகோன்கிஸ்தா: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பர்களே, வணக்கம். இன்றைய ஜிகாதிய இயக்கங்கள் இடைக்கால ஐபீரியாவை (இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல்) எப்படி நினைவில் வைத்திருக்கின்றன என்றொரு ஆய்வுக் கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். ரெகோன்கிஸ்தா என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 711-இல் முஸ்லிம் படைத்தலைவர் தாரிக் கடல் கடந்து வந்தபின் முஸ்லிம்கள் வசமான நிலத்தை, வடக்கிலிருந்த கிறித்தவ அரசுகள் 1492-இல் கிரனடா விழும்வரை கைப்பற்றிக்கொண்டே வந்ததற்கு இட்ட பெயர். ‘மீட்புப் போர்’ என்று போட்டிருக்கிறேன். உறுத்துகிறது.
– மீ.

உறுத்தாமல் என்ன செய்யும்? மீட்பு என்றால் தேவாலயத்தில் ஒரு பொருள், அடகுக்கடையில் ஒரு பொருள். கையிலேயே சொல் இருக்கிறது: கரந்தை. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது. தொல்காப்பியர் ஆநிரை கவர்வதைப் பாடும் வெட்சித் திணைக்குள் அடக்கினார், புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணை ஆக்கிற்று. பூவால் வந்த பெயர் என்பார்கள். கரத்தல் (மறைதல்) என்ற வேரோடு உறவுண்டு என்பது என் நெடுநாள் ஐயம். கரந்து போனதை...
– கா.செ.

ஐயா, நிறுத்துங்கள். கரந்தை என்றால் என் மாணவர்கள் தஞ்சாவூர் பஸ் ஸ்டாப் என்பார்கள். அதுவும் போகட்டும், மாடு யாருடையது? 711-இல் நாட்டை இழந்தவர்கள் அதுவரை அங்கே ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான விசிகோத்துகள். 1085-இல் தொலேதோ நகரைப் பிடித்தவர் வடக்கின் கிறித்தவ மன்னர் ஆறாம் அல்போன்சோ. நடுவில் 374 ஆண்டு. ரெகோன்கிஸ்தாவின் வீரர் எல் சித் என்று கொண்டாடப்படும் ரொத்ரிகோ தியாஸே சில காலம் சரகோசாவின் முஸ்லிம் மன்னரிடம் சேவகம் பார்த்தவர். அவருக்கு எந்தப் பூவைச் சூட்டுவீர்கள்?
– ந.

கட்டுரையாளர் சொல்வதும் அதேதான். அந்தச் சொல் பரவலானதே 19-ஆம் நூற்றாண்டில். ‘மறுவெற்றி’?
– மீ.

மறுபடி ஜெயித்த கபடி அணி மாதிரி இருக்கிறது. கங்கைகொண்டான், கடாரங்கொண்டான் என்பதில் வரும் ‘கொள்’தான் சரியான வினை. ஆனால் மீள்கொள்கை என்றால் அரசாணை ஆகிவிடும்! மீள்கைப்பற்றல்?
– ந.

மீட்பு வேண்டவே வேண்டாம். அல்காயிதாவின் மக்ரிப் (வடமேற்கு ஆப்பிரிக்க) கிளை தன் ஊடகப் பிரிவுக்கு, முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஐபீரியாவின் அரபுப் பெயரான அல்-அந்தலுஸ் என்று பெயர் வைத்தது. அவர்களும் ‘இழந்ததை மீட்போம்’ என்கிறார்கள். ஸ்பெயினின் வலதுசாரி வோக்ஸ் கட்சி 2019 தேர்தல் பரப்புரையை, ரெகோன்கிஸ்தா தொடங்கிய இடமாகப் போற்றப்படும் கோவதோங்காவில் தொடங்கியதும் அதே பாட்டுக்குத்தான். நாம் யார் பக்கம் நின்று எழுதுவது? இன்னொன்று, ஜிஹாதைப் ‘புனிதப்போர்’ ஆக்கிவிடாதீர்கள். வேர்ப்பொருள் பாடுபடுதல். நோன்பு மாதத்தில் ஸஹருக்கு (விடியலுக்கு முந்தைய உணவுக்கு) போர்வையை உதறி எழுவதையே எங்கள் நன்னா ஜிஹாத் என்பார்.
– ச.

அப்படியானால் சிகாது என்றே எழுதலாமே. கிரந்தம் எதற்கு?
– கா.செ.

அதை இன்னொரு இழையில் வைத்துக்கொள்ளலாம், தயவுசெய்து.
– ந.

அனுப்பிவிட்டேன். முதலிடத்தில் மட்டும் ‘மீள்கைப்பற்றல் எனப்படும் ரெகோன்கிஸ்தா’, பிறகு ரெகோன்கிஸ்தா மட்டும். மூன்று பேர் சரி என்றீர்கள். நன்றி.
– மீ.

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். எல்லைப்புறச் சண்டைகளில் இருதரப்பும் மாடுகளை ஓட்டிப்போனது கட்டுரையில் வந்திருக்குமே, அங்காவது வெட்சி என்று போட்டீர்களா?
– கா.செ.