எழும்பூரில் தங்கி மூன்று நாள்: அம்மாவோடு எங்கே சாப்பிடலாம்?

கரிசல்காரன்:

வணக்கம். அடுத்த மாதம் மூன்று நாள் சென்னை வருகிறோம். நான், மனைவி, ஏழாவது படிக்கிற பையன், அம்மா. கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி காலையில் எழும்பூரில் இறங்குகிறோம், ரூமும் எழும்பூரிலேயே போட்டாயிற்று. அம்மாவுக்குக் கபாலீசுவரர் கோயிலும் பார்த்தசாரதி கோயிலும் பார்க்க வேண்டும், பையனுக்கு மெரினா.

போன தடவை வந்தபோது ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் நம்ம ஊர்ப் பெயரைப் பலகையில் பார்த்து நம்பி உள்ளே போய்விட்டோம். பெயர் வேண்டாம். பரோட்டாவைப் பிய்க்கவே முடியவில்லை, சால்னா என்று ஊற்றியதில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. பில்லைப் பார்த்த அம்மா மறுநாள் ஓட்டலுக்கே வரமாட்டேன் என்று ரூமில் பிரெட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். அது எனக்கு இன்னும் மனசில் உறுத்துகிறது. இந்த முறை அம்மா வயிறார, சந்தோஷமாகச் சாப்பிட வேண்டும். அவர்கள் சைவம், சர்க்கரையும் உண்டு. நாங்கள் மூவரும் எல்லாம் சாப்பிடுவோம். நல்ல பரோட்டா, நல்ல பிரியாணி எங்கே? அம்மாவுக்கு எங்கே?

சைதைவாசி:

அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பரோட்டாவை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எழும்பூரில் தேடினால் இந்த முறையும் அதேதான் நடக்கும். மெட்ராஸுக்கு வந்தால் மெட்ராஸ்காரன் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும், உங்களுக்கு ஊரில் கிடைக்காததும் அதுதான்.

எங்கள் சைதாப்பேட்டை வடகறியில் ஆரம்பியுங்கள். கடலைப்பருப்பை ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, வடையாகப் பொரித்தோ ஆவியில் வேகவைத்தோ உதிர்த்து, பட்டை சோம்பு தாளித்த வெங்காயம் தக்காளி மசாலாவில் கொதிக்கவிடுவார்கள். மிஞ்சிப்போன மசால் வடையை வீணாக்காமல் குழம்பில் போட்டதில் பிறந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பார்த்தால் கறிக் குழம்பு மாதிரி இருக்கும், ஆனால் முழுச் சைவம், அம்மாவும் தாராளமாகச் சாப்பிடலாம். மாரி ஓட்டல் என்று சைதாப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், காலையில் போய் செட் தோசையும் வடகறியும் சொல்லுங்கள். தோசை ஆறுவதற்குள் வடகறியை மேலே ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும், தொட்டுச் சாப்பிட்டால் பாதி ருசிதான்.

ஆட்டோ தேவையில்லை. எழும்பூரிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயிலில் ஐந்தாவது நிறுத்தம் சைதாப்பேட்டை, டிக்கெட் 5 ரூபாய். எட்டு மணிக்கு முன்னால் ஏறிவிடுங்கள், அப்புறம் ஆபீஸ் கூட்டத்தில் அம்மாவுக்கு நிற்கவே இடம் இருக்காது.

மண்ணடி பையன்:

சைதை சொன்ன அதே ரயிலில் எதிர்ப்பக்கம் ஏறினால் பூங்கா, கோட்டை, அடுத்து கடற்கரை. ஆனால் ஒரு விஷயம், கடற்கரை ஸ்டேஷன் என்றால் மெரினா இல்லை. வெளியூர்க்காரர்கள் பெயரைப் பார்த்து அங்கே இறங்கி மணல் எங்கே என்று கேட்பதை நான் தினமும் பார்க்கிறேன். அது பாரிமுனைப் பக்கம், எதிரில் பர்மா பஜார். அங்கே இறங்க வேண்டியது அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸுக்காக.

1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணியெல்லாம் நாட்டுடைமை ஆனபோது தமிழர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறித் திரும்பினார்கள். என் தாத்தாவும் ரங்கூனில் வைத்திருந்ததை விட்டுவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்தான். அப்படி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு இது. சாயங்காலமானால் செகண்ட் லைன் பீச் என்கிற தெருவில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். அவித்த ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். வாழைத்தண்டு சூப் கேட்டு வாங்குங்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் புளியும் பூண்டும் வைத்துத் தருவார்கள், அதை அப்படியே முழுதாக வாயில் போட வேண்டும். தாத்தா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னைக் கூட்டிப்போய், சாப்பிட்டு முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். இப்போதும் அந்தப் பூண்டு எண்ணெய் வாசம் வந்தால் அவர் ஞாபகம்தான் வரும்.

அம்மாவுக்கு அங்கே வேண்டாம், நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், முட்டை கலந்த கை. பிரியாணிக்கு அண்ணா சாலை புகாரி போங்கள், 1951-லிருந்து இருக்கிறது. சிக்கன் 65 அங்கேதான் 1965-ல் வந்தது, அதனால்தான் அந்தப் பெயர் என்று அவர்களே சொல்வார்கள், பையனுக்கு அந்தக் கதையையும் சொல்லுங்கள்.

கேணிக்காரி:

தம்பிகளா, எல்லாரும் நாக்கை மட்டும் நினைத்து எழுதுகிறீர்கள். அவர் கேட்டது அம்மாவைப் பற்றி. சர்க்கரை இருக்கிற வயசானவருக்கு உட்கார இடம் வேண்டும், பக்கத்தில் கழிவறை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே நேரம் தப்பக் கூடாது. என் அம்மாவை இப்படித்தான் பேர்போன ஒரு சின்ன மெஸ்ஸுக்கு ஆசையாகக் கூட்டிப்போய், முக்கால் மணி நேரம் தெருவில் காத்திருந்ததில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் கடையில் ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். அன்றிலிருந்து பையில் பிஸ்கட் இல்லாமல் அவரோடு வெளியே கிளம்புவதே இல்லை.

கரிசல் தம்பி, உங்களுக்கு என் யோசனை இது. மயிலாப்பூருக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். எழும்பூரிலிருந்து பூங்கா ஸ்டேஷன், அங்கிருந்து நடந்து பூங்கா நகர் போய் பறக்கும் ரயிலில் திருமயிலை. மாறி ஏறுவதில் படிக்கட்டு நிறைய, அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால் நேரே ஆட்டோ பிடியுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முதலில் சாப்பாடு, பிறகு தரிசனம். கிழக்கு மாட வீதி கற்பகாம்பாள் மெஸ்ஸில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம், கீரை வடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடை அவியல் ருசி பார்க்க வேண்டுமென்றால் சாயங்காலம் வர வேண்டும். பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையில் பெயருக்கு ஏற்றமாதிரி ஜன்னல் வழியாகத்தான் தட்டு வரும், சாப்பிடுவது தெருவில். அது பையனுக்குப் பிடிக்கும். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், பத்து மணிக்குள் கோயிலுக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு நாள் எங்கள் திருவல்லிக்கேணி. ரத்னா கபே 1948-லிருந்து இருக்கிறது. சாம்பார் இட்லி சொன்னால் இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவார்கள், தீரத் தீர மறுபடி ஊற்றுவார்கள். நான் சின்ன வயசிலிருந்து சாப்பிடுகிறேன், வெளியூரில் இருந்த வருடங்களில் நான் ஏங்கியது இதற்குத்தான். அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாலும் வயிறு நிறைந்துவிடும். பார்த்தசாரதி கோயில் பிரசாதக் கடையில் புளியோதரை வாங்குங்கள், சர்க்கரைப் பொங்கல் மட்டும் அம்மாவுக்கு ஒரு வாய்தான். சாயங்காலம் அப்படியே மெரினா போய்விடலாம், பட்டாணி சுண்டலில் மாங்காய் நிறையப் போடச் சொல்லுங்கள். மீன் சாப்பிட ஆசையிருந்தால் மத்தியானம் சேப்பாக்கம் நாயர் மெஸ், வஞ்சிரம் வறுவல். அம்மாவை அங்கே அழைக்காதீர்கள், மீன் வாசம் ஒத்துவராது.

கரிசல்காரன்:

அக்கா, பிஸ்கட் விஷயத்துக்கே பெரிய நன்றி, எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் பதிலை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், சாம்பாரில் மூழ்கிய இட்லி என்றதும் அங்கேதான் முதலில் என்று சொல்லிவிட்டார்கள். சைதை தம்பி சொன்னதும் சரிதான், பரோட்டாவை விட்டாச்சு. இரண்டு சந்தேகம். ராயர் மெஸ் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதை ஏன் யாரும் எழுதவில்லை? அத்தோ பையனுக்கு உறைக்குமா?

கேணிக்காரி:

ராயர் மெஸ்ஸை வேண்டுமென்றேதான் விட்டேன். மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய அருண்டேல் தெருவில் சின்ன இடம், கூட்டம் எப்போதும் உண்டு. பொங்கலும் கெட்டிச் சட்னியும் அருமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை, ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. அம்மாவும் மருமகளும் ரூமில் இருக்கிற ஒரு காலையில் நீங்களும் பையனும் மட்டும் சீக்கிரம் போய்விட்டு வாருங்கள். நேரம் போனால் பொங்கல் தீர்ந்துவிடும். கிளம்பும் முன் அன்றைக்குக் கடை உண்டா என்று போன் போட்டுக் கேளுங்கள்.

மண்ணடி பையன்:

உறைக்கும். காரம் குறைவாக என்று பிசைவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மிளகாய்த் தூள் விழுந்த பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.